படிவம் 4473 கேட்காத கேள்வி

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கப் போகிறவர் முதலில் 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்பித் தர வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா, மனநலக் காரணத்துக்காகக் கட்டாயத்தின் பேரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். கஞ்சாவோ வேறு போதைப்பொருளோ சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துபவரா என்ற கேள்வியும் உண்டு. உங்கள் மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டரசுச் சட்டப்படி அது குற்றமே என்ற எச்சரிக்கையும் அங்கேயே அச்சாகியிருக்கும். மதுவைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டு முறை தண்டனை பெற்றவர்கூட, பெரும்பாலான மாநிலங்களில், எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று உண்மையாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, பின்புலச் சோதனை முடிந்ததும் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போகலாம்.

இது அச்சுப் பிழையோ மறதியோ அல்ல. யாரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதை வகுக்கும் அடிப்படைக் கூட்டரசுச் சட்டம் 1968-இல் வந்தது. போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களை விலக்கும் அதன் பிரிவு, ‘கட்டுப்படுத்தப்பட்ட பொருள்’ எது என்பதற்கு 1970-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தைக் கைகாட்டுகிறது. அந்த வரையறையோ சாராயம், ஒயின், பீர், புகையிலை ஆகியவற்றை வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. ஆக, நாட்டில் மிக அதிகமானோர் அருந்தும் போதைப்பொருள், துப்பாக்கிச் சட்டத்தின் பார்வையிலேயே படாமல் போய்விட்டது. ஒட்டடைபோல் மூலையில் கிடந்த இந்த விடுபாட்டை ஆராய்ச்சி உலகம் எப்போது கவனித்தது, என்ன கண்டுபிடித்தது, ஏன் இவ்வளவு குறைவாகக் கண்டுபிடித்தது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். பொதுச்சுகாதாரம், சட்டம், குற்றவியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்களின் ஆய்வுக்கு இதில் தனியிடம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், 26,000-க்கும் அதிகமானவர்கள், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். செய்திகளில் பள்ளித் துப்பாக்கிச் சூடுகளையே பார்த்துப் பழகிய நமக்கு இந்த விகிதம் திகைப்பூட்டும். மதுவின் பங்கு என்ன? சார்லஸ் பிரானஸும் அவருடைய கூட்டாளிகளும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். துப்பாக்கியால் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சாவுக்குச் சற்றுமுன் குடித்திருந்தார்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மிதமிஞ்சிக் குடித்திருந்தார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களின் ரத்தப் பரிசோதனைகளை ஆராய்ந்த மார்க் கப்லன் குழு, ஆண்களில் 24 சதவீதமும் பெண்களில் 17 சதவீதமும் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பான, ரத்தத்தில் 0.08 சதவீத மது என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டியிருந்ததை 2013-இல் எழுதியது.

தற்கொலை எண்ணம் பலருக்கு ஓர் அலைபோல் வந்து போவது. அந்த அலை கடந்துவிட்டால், தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பிற்காலத்திலும் அந்த வழியில் சாவதில்லை. குடி அந்த நேரத்தில் தயக்கத்தைக் கரைக்கிறது. பக்கத்தில் துப்பாக்கி இருந்தால் மறுயோசனைக்கு இடமே கிடைப்பதில்லை. மதுவும் துப்பாக்கியும் தனித்தனியே செய்யும் கேட்டைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே வீட்டில் ஒரே இரவில் சேரும்போது என்ன ஆகிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேரன் வின்ட்மியூட் என்ற அவசரசிகிச்சை மருத்துவர் பல ஆண்டுகளாக வன்முறைத் தடுப்பு ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறார். துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சராசரியாக ஒரு மாதத்தில் 89 லட்சம் முதல் 1 கோடியே 17 லட்சம் பேர் வரை ஒரே அமர்வில் மட்டுமீறிக் குடிக்கிறார்கள் என்று 2015-இல் அவர் கணக்கிட்டார். அதே கட்டுரையில் இன்னொரு செய்தி இருந்தது: ஆண்களைப் பொறுத்தவரை, மதுவோடு தொடர்புடைய துப்பாக்கிச் சாவுகள், மதுவோடு தொடர்புடைய வாகன விபத்துச் சாவுகளுக்குச் சமம். இந்த ஒப்பீட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை அமெரிக்கச் சமூகம் ஒரு காலத்தில் சின்னத் தவறாகவே பார்த்தது. பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் 1980-இல் அமைப்பாகத் திரண்டார்கள். 1984-இல் குடிப்பதற்கான வயதை 21 ஆக்கும் கூட்டரசுச் சட்டம் வந்தது. 2004-க்குள் எல்லா மாநிலங்களும் 0.08 என்ற வரம்பை ஏற்றன. 1982-இல் போதை ஓட்டுநர்கள் தொடர்பான விபத்துகளில் 21,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2019-இல் அந்த எண்ணிக்கை 10,000-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. ஒவ்வொரு படியிலும் ஆய்வு முன்னே போனது, சட்டம் பின்னே வந்தது. துப்பாக்கி விஷயத்தில் இந்த வரிசை அறுபட்டுப்போனது.

அறுத்தவர்கள் அரசியல்வாதிகள். 1993-இல் ஆர்தர் கெல்லர்மன் தலைமையிலான குழு, வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று ஒரு முன்னணி மருத்துவ இதழில் எழுதியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் என்ற கூட்டரசு நிறுவனம். துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1996-இல் ஆர்கன்சா மாநிலத்தின் பிரதிநிதி ஜே டிக்கியின் பெயரில் ஒரு திருத்தம் நிறைவேறியது: அந்த நிறுவனத்தின் காயத் தடுப்பு நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ பரப்பவோ செலவழிக்கக் கூடாது. கூடவே அந்தப் பிரிவின் ஒதுக்கீட்டில் 26 லட்சம் டாலர் வெட்டப்பட்டது. துப்பாக்கி ஆய்வுக்கு அதற்கு முந்தைய ஆண்டு செலவான தொகையும் அதுவே. திருத்தத்தின் சொற்கள் ஆராய்ச்சியைத் தடைசெய்யவில்லை. ஆனால் எந்த ஆய்வு ‘ஆதரிப்பது’ ஆகிவிடும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், அதிகாரிகள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான குறுக்குவழி திறந்தது. ஃபிலடெல்ஃபியாவில் பிரானஸ் நடத்திய ஆய்வுக்குப் பணம் வந்தது மதுப்பழக்க ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனத்திடமிருந்து. மதுவின் வாசல் வழியாகத்தான் துப்பாக்கி ஆய்வு உள்ளே நுழைய முடிந்தது. 2003 முதல் 2006 வரை, நகரில் சுடப்பட்டவர்களைப் பற்றிய விவரங்களைச் சேகரித்து, அதே நேரத்தில் நகரின் வேறு மூலைகளில் இருந்தவர்களைத் தொலைபேசியில் பிடித்து ஒப்பிட்டார்கள். 2009-இல் வந்த முடிவு: மிதமிஞ்சிக் குடிப்பவர்கள் சுடப்படும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிட 2.67 மடங்கு. கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இன்னொரு முடிவு மேலும் கூர்மையானது. மது வாங்கிக்கொண்டு போகும் கடைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் இருப்பவருக்கு ஆபத்து இரண்டு மடங்கானது. உட்கார்ந்து குடிக்கும் பார்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் அப்படி ஆகவில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பார் அல்ல, கடைதான் கவலைக்குரியது. பாரில் ஊற்றிக் கொடுப்பவரும் வாசலில் நிற்பவரும் இருக்கிறார்கள்; கடையில் வாங்கித் தெருமுனையில் குடிப்பவரைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை என்பது இதற்குச் சொல்லத்தக்க ஒரு விளக்கம். இந்த ஒரு முடிவே பத்து முதுகலை ஆய்வேடுகளுக்கு விதை. வேறு நகரத்தில் இது பொருந்துமா? கடை மூடும் நேரத்தை மாற்றினால் என்ன ஆகும்? கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்த பேட்டைகளில் என்ன நடந்தது?

அந்த விதைகள் முளைக்கப் போதிய இடம் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டத்தில், டிக்கி திருத்தத்தின் அதே சொற்கள், மதுப்பழக்க ஆராய்ச்சி நிறுவனமும் அடங்கிய தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கும் நீட்டிக்கப்பட்டன. மதுவின் வாசலும் பாதி சாத்தப்பட்டது. ஆய்வு நிதி என்பது சோதனைக்கூடச் செலவு மட்டுமல்ல. பேராசிரியரிடம் மானியம் இருந்தால்தான் முனைவர் பட்ட மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கும். உதவித்தொகை இருக்கும் துறைக்குத்தான் மாணவர் போவார். துப்பாக்கி ஆய்வுக்கு வந்தால் வேலை கிடைக்காது என்ற பேச்சு வளாகங்களில் நிலைத்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, இந்தத் துறையில் தேர்ந்து வந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை மாணவர்கள் புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் போய்விட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் கேட்கப்படாமலே போயின. டிக்கியே பின்னாளில் மனம் மாறினார். தாம் முன்பு எதிர்த்து நின்ற அதிகாரியான மார்க் ரோசன்பெர்க்குடன் சேர்ந்து, துப்பாக்கி ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று 2012-இல் நாளிதழில் எழுதினார். 2019 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த ஆராய்ச்சிக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. ஆண்டுக்குப் பல்லாயிரம் பேரைக் கொல்லும் ஒரு காரணத்துக்கு இது சிறு தொகைதான். ஆனாலும் வாசல் மறுபடி திறந்தது.

கிடைத்த குறைந்த இடத்திலும் ஒரு கேள்விக்குத் தெளிவான விடை வந்திருக்கிறது. துப்பாக்கி வாங்கும் ஒருவரின் குடிப்பழக்கத்தை எப்படித் தெரிந்துகொள்வது? படிவத்தில் கேட்டால் யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் போதையில் வண்டி ஓட்டித் தண்டனை பெற்றது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அதை மறைக்க முடியாது. ரோஸ் ககாவாவும் வின்ட்மியூட் உள்ளிட்டோரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டது. கலிபோர்னியாவில் 2001-இல் சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கிய ஏறக்குறைய 80,000 பேரை 2013 வரை பதிவேடுகளின் வழியே பின்தொடர்ந்தார்கள். முன்பு எந்தக் குற்றப்பதிவும் இல்லாதவர்களில் சுமார் 2 சதவீதத்தினர் பின்னாளில் கொலை, வன்புணர்ச்சி, கொள்ளை, கொடுந்தாக்குதல் ஆகியவற்றில் ஒன்றுக்காகக் கைதானார்கள். போதையில் வண்டி ஓட்டிய தண்டனை இருந்தவர்களில் அந்த விகிதம் சுமார் 9 சதவீதம். வயது, பால் முதலிய வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகும், அந்த ஒரு தண்டனை மட்டுமே இருந்தவர்களுக்கு ஆபத்து 2.6 மடங்காக நின்றது.

இந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். நூற்றில் தொண்ணூறு பேர் எந்த வன்முறைக்கும் கைதாகவில்லை. கைது வேறு, குற்றம் வேறு. எந்தப் பேட்டையில் போலீஸ் அதிகம் நிற்கிறதோ அங்கே கைதும் அதிகம். போதையில் ஓட்டியவர் வன்முறையில் இறங்கக் காரணம் குடியா, அல்லது இரண்டுக்கும் பின்னால் உள்ள துணிச்சல் குணமா என்று இந்த ஆய்வு சொல்லாது. ஆனால் சட்டம் வகுப்பவருக்கு அந்த விடை தேவையில்லை. காப்பீட்டு நிறுவனம் இதே பதிவைப் பார்த்து வண்டிக் காப்பீட்டின் விலையைக் கூட்டுகிறது. எதிர்கால ஆபத்தைக் காட்டும் தெளிவான, நீதிமன்றம் உறுதிசெய்த ஒரு குறி கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மாநிலங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன? ஆளுக்கொரு வழி. பென்சில்வேனியாவில் ஐந்தாண்டுக்குள் மூன்று முறை போதையில் ஓட்டித் தண்டனை பெற்றவர், அதற்குப் பின் துப்பாக்கி வாங்க முடியாது. மேரிலாந்தில் ‘பழக்கப்பட்ட குடிகாரர்’ என்ற பழைய சொல் சட்டத்தில் இருக்கிறது. போதையில் ஓட்டிய மூன்று குற்றங்கள், அவற்றில் ஒன்று கடந்த ஓராண்டுக்குள் என்று அதற்கு எண் கணக்கில் வரையறையும் இருக்கிறது. வேறு பல மாநிலங்களில் இதே போன்ற சொல் வரையறை இல்லாமல் நிற்கிறது. அதனால் யாரும் அதை நடைமுறைப்படுத்துவதில்லை. மிச்சிகனில், மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியோடு இருக்கும்போது ரத்தத்தில் 0.02 அளவு மது இருந்தாலே நடவடிக்கைக்கு உள்ளாவார்; வண்டி ஓட்டுவதற்கான வரம்பைவிட இது நான்கு மடங்கு கடுமை. இன்னொரு பக்கம், 2009-இல் டென்னசி சட்டமன்றம் ஆளுநரின் மறுப்பாணையைத் தாண்டி, மது பரிமாறும் உணவகங்களுக்குள் துப்பாக்கி எடுத்துப்போக அனுமதித்தது. அடுத்த ஆண்டு வர்ஜீனியாவும் அதே வழியில் போனது. எடுத்துப்போகிறவர் குடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதைச் சோதிப்பது யார் என்பதற்கு நடைமுறையில் விடையில்லை.

ஆபத்து வெளிப்பட்ட நேரத்தில் தலையிடும் சட்டங்கள் வேறொரு வகை. கனெக்டிகட் 1999-இல் இதைத் தொடங்கியது. தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்தாக இருப்பவரின் துப்பாக்கிகளை நீதிபதியின் ஆணை பெற்றுத் தற்காலிகமாக எடுத்துவைக்கலாம். ஆணை கொடுக்கும்போது அவருடைய மட்டுமீறிய குடியையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம். ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு அங்கே நடந்த 762 பறிமுதல்களை ஆராய்ந்து, பத்து முதல் இருபது பறிமுதலுக்கு ஒரு தற்கொலை தடுக்கப்பட்டதாக 2017-இல் மதிப்பிட்டது. குடியைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

சட்டம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஓஹாயோவில் நடந்த ஒரு வழக்கு உதவும். 2018 பிப்ரவரியில் ஒரு நாள் அதிகாலை நான்கு மணியளவில் ஒரு பெண் காவல்துறையை அழைத்தார். கணவர் குடித்திருக்கிறார், கையில் துப்பாக்கி இருக்கிறது. காவலர்கள் வந்தபோது, இப்போது ஒன்றுமில்லை, அவர் அதை வைத்துவிட்டார் என்றார். உள்ளே பார்த்தால் கணவர் நீண்ட துப்பாக்கியை முனை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வந்தார். அதில் தோட்டா இல்லை. நாக்குக் குழறியது, நிலையாக நிற்க முடியவில்லை. அவர் யாரையும் மிரட்டியதாக மனைவி சொல்லவில்லை. போதையில் துப்பாக்கி வைத்திருந்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டார். என் சொந்த வீட்டில், என் சொந்தத் துப்பாக்கி, அதுவும் காலியானது, இது அரசியல் சாசன உரிமை என்று மேல்முறையீடு செய்தார். 2020 டிசம்பரில் ஓஹாயோ உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. அதிகாலையில் அந்தப் பெண் தொலைபேசியை எடுத்தது துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டல்ல. இத்தகைய சட்டங்களை எடைபோடும்போது அரசியல் சாசனப் பேச்சின் நடுவில் அந்த அழைப்பு காணாமல் போய்விடக் கூடாது.

2022-க்குப் பின் அந்தப் பேச்சின் விதியே மாறிவிட்டது. நியூயார்க் வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டம் ஒன்று செல்ல வேண்டுமானால் நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு முன்மாதிரி இருக்க வேண்டும் என்றது. உடனே வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் பழைய சட்டப் புத்தகங்களைத் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்தது சுவையானது. 1655-இல் வர்ஜீனியாக் குடியேற்றம், குடிவிருந்துகளில் துப்பாக்கி சுடுவதைத் தடைசெய்தது. திருமணத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் மட்டும் விலக்கு. அன்று வெடிச்சத்தம் என்பது தாக்குதல் வருகிறது என்ற எச்சரிக்கை ஒலி. குடித்துவிட்டு ஆளாளுக்குச் சுட்டால் எது எச்சரிக்கை என்று தெரியாது. 1867-இல் கான்சாஸ், போதையில் உள்ளவர் ஆயுதம் தரிப்பதைக் குற்றமாக்கியது. 1886-இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் அதே வகைச் சட்டம் ஒன்றை ஏற்றது.

ஆனால் வரலாற்றைத் தேடும் இந்த முறை ஒரு பொறியையும் வைத்திருக்கிறது. பழைய சட்டங்கள் போதையில் இருக்கும் நேரத்தில் தடுத்தன. குடிகாரர் தெளிந்திருக்கும்போது அவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கவில்லை. 2024-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கஞ்சா பயன்படுத்திய ஒருவரின் வழக்கில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டரசின் தடை அவருக்குச் செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம், பிறரின் உயிருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றமே கண்டறிந்த ஒருவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை விலக்கலாம் என்று ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெரிகிறது: ‘குடிகாரர்’ என்ற முத்திரையை நம்பிய தடை விழக்கூடும், நீதிமன்றத் தண்டனையை ஆதாரமாகக் கொண்ட, காலவரையறை உள்ள தடை நிற்க வாய்ப்பு அதிகம். 2013 டிசம்பரிலேயே, ஆராய்ச்சியாளர்களும் மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் சேர்ந்த ஒரு குழு கிட்டத்தட்ட இதைத்தான் பரிந்துரைத்தது: ஐந்தாண்டுக்குள் இருமுறை போதையில் ஓட்டித் தண்டனை பெற்றவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு தடை. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் இந்தத் திசையில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட மறுத்தார். வன்முறையோ துப்பாக்கியோ சம்பந்தப்படாத சிறுகுற்றத்துக்காக உரிமையைப் பறிக்க வேண்டிய தேவையை உணரவில்லை என்பது அவருடைய வாதம். ககாவாவின் ஆய்வு அப்போது இல்லை. இருந்திருந்தால் அவர் மனம் மாறியிருப்பாரா என்பது வேறு. மறுப்பதற்கு அந்தக் காரணத்தை அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க முடியாது.

மதுவையும் துப்பாக்கியையும் ஒரே கையால் பிடித்துப் பார்த்த அரசு எங்கேயாவது உண்டா? கொலம்பியாவில் உண்டு. காலி நகரத்தின் மேயராக வந்த ரோட்ரிகோ கெரேரோ தொற்றுநோயியல் படித்தவர். கொலைகள் எந்த நாளில், எந்த நேரத்தில் நடக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். சம்பள நாளை ஒட்டிய வார இறுதிகள், விடுமுறைகள் என்று வடிவம் தெரிந்தது. அந்த நாட்களில் மட்டும் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை. போலீஸ் சோதனையும் கூடவே. 1993–94-இல் காலியிலும் 1995–97-இல் பொகோட்டாவிலும் தடை நாட்களில் கொலை விகிதம் முறையே 14, 13 சதவீதம் குறைவாக இருந்ததாக 2000-ஆம் ஆண்டு வெளிவந்த மதிப்பீடு சொன்னது. பொகோட்டாவில் மேயர் அந்தனாஸ் மோக்குஸ் மதுக்கடைகளை இரவு ஒரு மணிக்கே மூடவும் செய்தார். பிரேசிலின் டியடேமா நகரம் 2002-இல் இரவு 11 மணிக்கு மேல் மது விற்பதைத் தடைசெய்த பின், மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கொலைகள் குறைந்தன என்று கணக்கிட்டார்கள். யார் குடிகாரர் என்று தேடி அலையாமல், ஆபத்தான மணிநேரத்தைக் குறிவைத்த முறை இது. அமெரிக்க மாணவர்கள் தெற்கே திரும்பிப் பார்ப்பது குறைவு, பார்க்க வேண்டும்.

இனி மாணவர் ஆய்வு. பெரிய மானியம் இல்லாமலே தொடங்க முடியும் என்பதுதான் இந்தத் துறையின் வசதி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் சீகலின் குழு 1991 முதல் ஒவ்வொரு மாநிலத்திலும் எந்தத் துப்பாக்கிச் சட்டம் இருந்தது, எது இல்லை என்று 130-க்கு மேற்பட்ட கூறுகளாகப் பிரித்து யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. மதுச் சட்டங்களுக்கும் அதேபோல் அரசின் தொகுப்பு உண்டு. சாவு எண்ணிக்கையைக் கூட்டரசுத் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். மடிக்கணினியும் புள்ளியியல் பாடமும் போதும்.

வசதியே வலையாகவும் ஆகும். 50 மாநிலங்களை ஒரே ஓர் ஆண்டில் நிறுத்தி, சட்டம் உள்ள மாநிலத்தில் சாவு குறைவு என்று காட்டுவது எளிது. 2016-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2010-ஆம் ஆண்டுத் தரவை வைத்து 25 வகைச் சட்டங்களை ஒப்பிட்டது. மூன்றே சட்டங்களை நாடு முழுதும் கொண்டுவந்தால் துப்பாக்கிச் சாவு விகிதம் லட்சத்துக்குப் பத்திலிருந்து ஒன்றுக்கும் கீழே போகும் என்றது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விரும்பும் ஆய்வாளர்களே அதை ஏற்கவில்லை. துப்பாக்கி குறைவாக உள்ள மாநிலத்தில்தான் சட்டமும் எளிதாக நிறைவேறும்; எது காரணம், எது விளைவு என்று ஓராண்டுப் படம் காட்டாது. சட்டம் மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் பார்ப்பதும், மாறாத மாநிலத்தோடு ஒப்பிடுவதும் கடினமான வேலை. ஆனால் அதுதான் வேலை.

மாவட்ட அளவில் இறங்கினால் வேறொரு சுவர். பத்துக்குக் குறைவான சாவு எண்ணிக்கையைக் கூட்டரசுத் தளம் தனியுரிமை கருதி மறைத்துவிடும். சிறு மாவட்டங்கள் வரைபடத்தில் வெற்றிடமாகிவிடும். வன்முறைச் சாவுகளைப் பற்றிய தேசியப் பதிவேடு ஆறு மாநிலங்களோடு தொடங்கி, 50 மாநிலங்களையும் எட்டியதே 2018-இல்தான். இறந்தவரின் ரத்தத்தில் மது இருந்ததா என்று எல்லா இடத்திலும் சோதிப்பதில்லை. சோதிக்காததை ‘இல்லை’ என்று எண்ணிக்கொண்டால் ஆய்வு முழுதும் சாய்ந்துவிடும்.

இதனால் எண்களை விட்டு நடைமுறையைத் தேடும் சிறு ஆய்வுகளே மாணவர்களுக்குப் பொருத்தம் என்பேன். பென்சில்வேனியாவின் மூன்று-தண்டனை விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தண்டனை விழுந்ததும் அந்தச் செய்தி நீதிமன்ற எழுத்தரின் மேசையிலிருந்து பின்புலச் சோதனைப் பட்டியலுக்கு எத்தனை நாளில் போகிறது? போகிறதா? இதைக் கண்டறிய மாவட்டம் மாவட்டமாக எழுத்தர்களோடு பேச வேண்டும். பெரிய பேராசிரியர்களுக்கு நேரம் இருக்காது, மாணவருக்கு இருக்கும். சட்டம் படிப்பவர் 50 மாநிலங்களில் ‘போதை’ எப்படி வரையறுக்கப்படுகிறது என்று ஒப்பிடலாம். சமூகப்பணி படிப்பவர், குடி மீட்பு மையங்களில் ஆலோசகர்கள் ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா’ என்று கேட்கிறார்களா, கேட்கத் தயங்கினால் ஏன் என்று பார்க்கலாம். ஃபுளோரிடாவில் நோயாளிகளிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே மருத்துவர்களைத் தடுக்கும் சட்டம் 2011-இல் வந்தது. 2017-இல்தான் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்துசெய்தது. அந்த ஆறாண்டுத் தயக்கம் இன்னும் எத்தனை ஆலோசனை அறைகளில் மிச்சமிருக்கிறது என்பது நேரில் போய்க் கேட்க வேண்டிய கேள்வி.

இதுவரை உள்ள சான்று எங்கே நிற்கிறது என்று கேட்டால் என் தீர்ப்பு இது. மட்டுமீறிய குடி துப்பாக்கி ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. திரும்பத் திரும்பப் போதையில் வண்டி ஓட்டியவருக்குச் சில ஆண்டுகள் துப்பாக்கி விற்பனையை நிறுத்திவைக்க இப்போதுள்ள சான்றே போதும். மேலும் பத்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட சட்டம் உண்மையில் எத்தனை உயிரைக் காக்கிறது என்பதை அளந்து சொல்லும் ஆய்வுகள்தான் மிகக் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்து பொதுச்சுகாதாரமும் சட்டமும் படிக்க அமெரிக்கா போகும் பிள்ளைகள் இன்று ஏராளம். குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை நம் ஊர்களில் கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நேரத்தில் அவர்கள் பென்சில்வேனியா, மேரிலாந்து மாநிலங்களின் இந்த இரண்டு சட்டங்களையும் எடுத்துப் படிக்க வேண்டும். அவை அமலாகின்றனவா என்று ஒரு மாவட்ட நீதிமன்றத்திலாவது போய்ப் பார்த்து எழுத வேண்டும்.